மடக்குச் சத்தம்

கைசரின் குரைப்பில் ஏதோ கோளாறு இருந்தது.

அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்த சுகிர்தபாய், கத்தியை அப்படியே நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினாள். வழக்கமாக அந்த நாய் குரைத்தால் பலகையில் ஆணி அறைகிற மாதிரி மூன்று நான்கு அறை விழும், பிறகு ஓய்ந்துவிடும். இன்றைக்கு முதல் அறை சரியாகத்தான் விழுந்தது. ஆனால் அது அங்கே முடியாமல், கம்மிப்போன தொண்டையில் இழுபட்டு இழுபட்டு, பச்சைப்பிள்ளை ஏங்கி அழுவதுபோல மேலே ஏறி, தென்னந்தோப்பின் ஈர இருட்டுக்குள் போய்த் தேய்ந்தது. யாரைப் பார்த்துக் குரைக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். முற்றத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. கைசர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

நாய் குரைத்தாலே வீடுகளில் விளக்கை அணைக்கிற காலம் அது. தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று கொடி பிடித்துப் போனவர்களை மார்த்தாண்டத்தில் சுட்டு, அந்த ஈரம்கூட இன்னும் காயவில்லை. பாறசாலை முக்கில் சைக்கிள் கடை வைத்திருந்த அவள் புருஷன் ராஜதாசும் கொடி பிடித்தவன்தான். குண்டு படவில்லை, லத்தி பட்டது. கொடிக்கம்பைப் பிடித்திருந்த வலது கையின் முட்டிகளில் தோல் பிய்ந்து போயிருந்தது. அவன் பேரில் வாரண்டும் இருந்தது. பகலெல்லாம் எங்கேயோ பதுங்கிக் கிடந்துவிட்டு, விளக்கு வைத்த பிறகு வாழைத்தோட்டத்து வழியாக இஞ்சிவிளையில் இருந்த தன் வீட்டுக்கு வருவான். பாதையில் ஜீப்பு வந்தால் கைசர்தான் முதலில் சொல்லும். அந்த நாயின் தொண்டையை நம்பித்தான் அவன் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றான்.

அன்றைக்கும் வந்தான். கைசர் வாலை ஆட்டிக்கொண்டு எதிரே ஓடவில்லை. வாய் பிளந்தபடி, கீழ்த்தாடை தொங்க, எச்சில் நூலாக மண்வரை இறங்க, தொண்டைக்குள் எதுவோ அடைத்துக்கொண்ட மாதிரி 'ஹ்க், ஹ்க்' என்று கழுத்தை நீட்டியது. முன்காலால் வாயைப் பிறாண்டியது. மத்தியானம் சாளைக் கறியின் தலையையும் முள்ளையும் சட்டியோடு வழித்து அதற்கு வைத்தது அவள்தான்.

"முள்ளு சிக்கிட்டு போல இருக்கு அத்தான். நான்தான் பாத்து வைக்கல."

ராஜதாஸ் முற்றத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாயின் தலையைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டான். அவள் அரிக்கேன் விளக்கை உயர்த்திப் பிடித்தாள். வாய்க்குள்ளிருந்து எழுந்த வாடை அவள் அறிந்த நாய் வாடை அல்ல. தேங்காய்ப் பிண்ணாக்கு ஊறிப் புளித்ததும், பழைய செம்புக் காசும் கலந்த ஒரு வாடை. நாக்கு தடித்துக் கருத்திருந்தது. அவன் கட்டுப் போட்ட வலது கையையே உள்ளே விட்டான், அதுதானே பழகின கை. நாக்கின் அடியில் தடவினான், தொண்டைக் குழியில் தடவினான், மணிக்கட்டு வரைக்கும் எச்சிலில் முங்கக் கையைத் திருப்பித் திருப்பித் தேடினான். அந்த நேரம் முழுக்கக் கைசர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளைப் பார்க்கவில்லை என்றும் சொல்லலாம். அவளுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல, அந்த இடத்தைப் பார்த்தது.

முள் கிடைக்கவில்லை. கையை வெளியே இழுக்கையில் ஒரு பல் கட்டுத்துணியைக் கிழித்துப் புண்ணில் லேசாகக் கீறியது, அவ்வளவுதான். கடிக்கவில்லை. முள்ளை அமுக்கிவிடும் என்று சோற்றை உருட்டி உள்ளே தள்ளினார்கள். சோறு உருண்டையாகவே வெளியே விழுந்தது. பிறகு சட்டியில் தண்ணீர் வைத்தாள். தாகத்தில் தவித்துக்கிடந்த நாய் ஓடிவந்தது. மூக்கு தண்ணீரைத் தொட்டதும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கை கழுத்தைப் பிடித்துத் திருகியதுபோல உடம்பு மொத்தமும் முறுக்கிக்கொண்டு பின்னால் போயிற்று. மறுபடி வந்தது. மறுபடி முறுக்கியது. பிறகு சட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்து, நடந்தபடியே முனகியது. அவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சட்டியை எடுத்துக் கவிழ்த்துவிட்டாள்.

இரண்டொரு நாளில் ராஜதாசின் கை வீங்கிவிட்டது. மருந்துக்கு அவள்தான் போயாக வேண்டும். இங்கே அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் இந்த ஊர்க்காரி அல்ல. கிழக்கே நாசரேத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த புதிதில் இந்தப் பக்கத்துப் பேச்சு அவளைப் படாதபாடு படுத்தியது. புருஷன் 'வெள்ளம் கொண்டா' என்று கேட்டபோது, ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டதென்று வாசலுக்கு ஓடினவள்தான் அவள்! வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர், பட்டி என்றால் நாய், பேடி என்றால் பயம் என்று ஒவ்வொன்றாகப் படித்து, இப்போது கடைத்தெருவில் யாரும் சிரிக்காத அளவுக்குத் தேறியிருந்தாள். தேறிவிட்டோம் என்ற நினைப்புத்தான் வினையாயிற்று.

டாக்டர் மலையாளக்காரர், நல்ல மனுஷன். கையில் எப்படிப் புண் என்று கேட்டார். லத்தி என்று சொன்னால் புருஷனைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய்யைச் சொன்னாள்: வீட்டு நாயின் பல் பட்டது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"பட்டிக்குப் பேயுண்டோ?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. பேய் பிசாசென்று கோழி அறுக்கிற வீடா அவள் வீடு? நாலு தலைமுறையாகக் கிறிஸ்துவை நம்பின வேதக்காரர் வீடு. தமிழ்க் கட்சிக்காரர்களின் பெண்டுகள் என்றால் இப்படியும் ஒரு நக்கலா? டாக்டர் விடாமல் இன்னொரு தடவை கேட்டார், இந்தத் தடவை மெதுவாக, அவள் கண்ணைப் பார்த்து. "பேயொண்ணும் கிடையாது. நாங்க கோயிலுக்குப் போறவங்க" என்று வெடுக்கென்று சொன்னாள். அவர் கொஞ்சநேரம் குழம்பிப் பார்த்தார், பிறகு பூசு மருந்து எழுதிக் கொடுத்தார். அவள் தலை நிமிர்ந்து நடந்து வந்தாள். வீட்டில் கைசரைக் கட்டியிருந்த கயிறு கடித்துக் குதறப்பட்டுக் கிடந்தது. நாயைக் காணவில்லை.

அன்றிரவே ராஜதாஸ் வெள்ளறடைப் பக்கம் மலையடிவாரத்து ரப்பர்த் தோட்டத்துக்குப் போய்விட்டான், கூட்டாளி ஒருவனின் குடிசைக்கு. புண் ஆறியது என்று ஆள் வந்து சொன்னான். வாரங்கள் ஓடின. கயிற்றை அறுத்த நாய் எங்காவது திரிந்துகொண்டிருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

புரட்டாசி பிறந்த பிறகு ஒருநாள் அடுத்த விளையிலிருந்து லீலாபாய் கிணற்றில் தண்ணீர் கோர வந்தாள். ஊர்க்கதை எல்லாம் அவள் வாய்வழியாகத்தான் இங்கே வந்து சேரும். வாளியை இறக்கிக்கொண்டே சொன்னாள்.

"உங்க கைசரெ அண்ணைக்கே அடுத்த ஊரு காரோட்டுல வச்சு அடிச்சுக் கொன்னு போட்டினும், அறிஞ்சில்லியா? பே எளகின பட்டியாக்கும். ரெண்டு மாட்டையும் கடிச்சிட்டு."

நாய்க்கு எப்படிப் பேய் பிடிக்கும் என்று சுகிர்தபாய் கேட்டாள். லீலாபாய்க்குச் சிரிப்பு தாளவில்லை. பேய் இல்லை பெண்ணே, பே, பே! தண்ணியெக் கண்டா பயந்து, வாயில் நுரை தள்ளி, கடிபட்டவனும் நாயாட்டம் ஊளையிட்டுச் சாவானே, உங்க ஊர்ல அதுக்கு என்ன பேர் என்று கேட்டாள்.

வெறி. அவள் ஊரில் அதற்கு வெறி என்று பேர்.

கிணற்றுக்குள் வாளி தண்ணீரில் மோதிய சத்தம் கேட்டது. சுகிர்தபாய் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்த பார்வை, இரண்டாம் தடவை மெதுவாகக் கேட்ட கேள்வி, வெடுக்கென்று அவள் சொன்ன பதில், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. கேட்டானே அந்தப் புண்ணியவான், இரண்டு தடவை கேட்டானே!

மறுநாள் பஸ் ஏறி நெய்யாற்றின்கரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். மருந்தைக் கையில் கொடுங்கள், நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று மன்றாடினாள். தொப்புளைச் சுற்றித் தினம் ஒன்றாகப் போடுகிற ஊசி அது, ஆள் வரவேண்டும், ஆள் யார், பெயர் என்ன என்று கேட்டார்கள். வாசலில் பெஞ்சு போட்டுப் போலீஸ்காரர் இரண்டு பேர் உட்கார்ந்து, வருகிறவர்களின் கையையும் காலையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பெயரைச் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுகையும் வரவில்லை. முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும் என்கிற கதையாக ஆயிற்று அவள் பாடு.

வீடு வந்ததும் வெள்ளறடைக்கு ஆள் விட்டாள். போனவன் குடிசை காலி என்று வந்து சொன்னான்; வேறெங்கோ மாறிவிட்டார்களாம். அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர அவளால் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை.

ஐப்பசி மழை தொடங்குகிற சமயத்தில் அவன் தானாகவே வந்தான். தாடி வளர்த்து, கொஞ்சம் மெலிந்து, ஆனால் சிரித்துக்கொண்டு வந்தான். புண் ஆறி இளஞ்சிவப்பாகத் தோல் மூடியிருந்தது. அவள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். டாக்டரிடம் சொன்ன பதிலைச் சொன்னபோது அவன் முகத்தில் ஒரு கணம் ரத்தமே இல்லை. அப்புறம் சிரித்தான்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ன்னு சும்மயா சொன்னினும்? கடிச்சாத்தானே பிள்ளே? கைசர் என்னெக் கடிக்கல்லியே."

அடுத்த வாரம் ஜாமீன் கிடைக்கும், வக்கீல் சொல்லியிருக்கிறார், கிடைத்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றான். இவ்வளவு நாள் ஒன்றும் ஆகவில்லையே என்றான். அவளும் அதைத்தான் நம்ப ஆசைப்பட்டாள். நம்பினாள் என்று சொல்ல முடியாது.

அன்றிலிருந்து அவள் காது வேறு வேலையை மறந்தது. அவன் தண்ணீர் குடிக்கிற சத்தத்தைக் கேட்பது ஒன்றே அதன் வேலை. செம்பு தரையிலிருந்து எடுபடும் சத்தம். உதட்டில் படும் சத்தம். பிறகு மடக்கு. மடக்கு. மடக்கு. தொண்டை மேலேறிக் கீழிறங்கும் அந்த ஈரச் சத்தம் வந்துவிட்டால் அவளும் மூச்சு விடுவாள். செம்பைக் கீழே வைக்கும்வரை தோசைக்கல்லில் மாவு கருகினாலும் திரும்ப மாட்டாள். கஞ்சி குடிக்கையில் கேட்டாள். காப்பி குடிக்கையில் கேட்டாள். இருட்டில் அவன் எழுந்து பானையில் மொண்டு குடிக்கையில் பாயில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஓட்டின்மேல் மழை தட்டுகிறது, தவளை கத்துகிறது, தோப்பில் தேங்காய் விழுகிறது. அதற்கெல்லாம் நடுவில் அந்தச் சின்னச் சத்தத்தை மட்டும் பிடித்துவிடுவாள். இப்படி ஒரு வாரம் போயிற்று. ஜாமீன் வரவில்லை.

பிறகு அவன் கையைச் சொறியத் தொடங்கினான்.

ஆறிப்போன இடம். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றான். தோல் சிவக்கும்வரை சொறிந்தான். ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து நடந்தான், சுவரோரமாக, மூலையிலிருந்து மூலைக்கு. அவள் முறத்தில் அரிசி புடைத்தால் எரிந்து விழுந்தான். முறத்தின் காற்று முகத்தில் அடித்ததும் தொண்டையைப் பிடித்துக்கொண்டான்.

"காய்ச்சலாக்கும்" என்றான், அவள் எதுவும் கேட்காமலே.

நாளைக்கே போகலாம், ஜாமீனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அவள் காலைப் பிடித்தாள். சரி, பிடித்தால் பிடிக்கட்டும், போவோம் என்று ஒத்துக்கொண்டான். அவள் அன்று கொஞ்சம் தூங்கினாள்கூட.

விடிந்தும் விடியாமலும் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். புறப்படத் துணி மடித்துக்கொண்டே காது கொடுத்தாள். டம்ளர் எடுபட்டது. உதட்டில் பட்டது.

மடக்கு வரவில்லை.

டம்ளர் தரையில் விழுந்து உருண்டது. அவள் திரும்பினாள். அவன் கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்து நின்றன. தலை பின்னால் போயிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கை திருகிக்கொண்டிருந்தது. அது விட்டதும் அவன் அவளைப் பார்த்தான். அவ்வளவு பயத்தை ஒரு ஆண்பிள்ளையின் கண்ணில் அவள் கண்டதில்லை. கீழே சிந்திக் கிடந்த காப்பியைப் பார்த்தான். மறுபடி திருகியது.

தானே எழுந்து உள்ளறைக்குள் போனான். கதவைச் சாத்தினான்.

"வெளியே கொண்டி போடு பிள்ளே. நான் என்ன சொன்னாலும் தொறக்காதே."

அவள் போட்டாள். போட்டுவிட்டு அந்தக் கதவிலேயே சாய்ந்து உட்கார்ந்தாள்.

பகல் முழுதும் அவன் பேசினான். சில சமயம் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவதைப் பற்றிப் பேசினான். சில சமயம் ஜெபம் சொன்னான். சில சமயம் தாகம் தாகம் என்று கெஞ்சினான்; அவள் சன்னல் வழியாகச் செம்பை நீட்டினால், அதைக் கண்டதும் அலறினான். குரல் மெல்ல மெல்லக் கம்மியது. ஒவ்வொரு சொல்லும் இழுபட்டு மேலே ஏறி முடிந்தது. லீலாபாய் வேலிவரை வந்தாள். அந்தக் குரலைக் கேட்டாள். உள்ளே வரவில்லை, தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனாள்.

சாயங்காலம் பாதையில் ஜீப்பு வந்து நின்றது. எந்த நாயும் குரைக்கவில்லை. இத்தனை மாதம் எந்தக் காலடிக்குப் பயந்தாளோ அந்தக் காலடி முற்றத்தில் கேட்டதும் அவள் ஓடிப்போய் ஏட்டின் பூட்சைக் கட்டிக்கொண்டாள். "உள்ளதான் இருக்காவ. பிடிச்சுட்டுப் போங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று கதறினாள். ஏட்டு சன்னலைத் தள்ளி டார்ச்சு அடித்தார். காற்று உள்ளே போயிற்று. அறைக்குள்ளிருந்து வந்த சத்தத்தில் பின்னால் நின்ற போலீஸ்காரன் இரண்டு எட்டு பின்வாங்கினான்.

"இது பேயாணு" என்றார் ஏட்டு. இந்தத் தடவை அவளுக்கு அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை. இனி எந்த ஆஸ்பத்திரியிலும் ஒன்றும் செய்வதற்கில்லை என்று மெதுவாகச் சொன்னார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சன்னலை வெளியிலிருந்து இழுத்துச் சாத்திவிட்டு, பிடிக்க வந்தவனைப் பிடிக்காமல் போனார்கள். ஜீப்பின் சத்தம் பாறசாலைப் பக்கம் போய் மறைந்தது.

மழை பிடித்தது.

நல்ல மழை. ஓட்டில், வாழையிலையில், முற்றத்துச் சட்டிகளில், எங்கே பார்த்தாலும் தண்ணீர்ச் சத்தம். உள்ளே அவன் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டுவது கேட்டது. முட்டினான். முட்டினான். நின்றது.

அவள் மூச்சை அடக்கிக் கேட்டாள். ஒன்றும் இல்லை.

"சுகிர்தம்."

அவனுடைய சொந்தக் குரல். கம்மல் இல்லை, இழுப்பு இல்லை. கல்யாணத்தன்று கூப்பிட்ட குரல்.

"பேடியாட்டு இருக்கு பிள்ளே. தனியா கெடக்கப் பேடியாட்டு இருக்கு. தொறக்க வேண்டாம். கையெ மட்டும் பிடி."

கதவின் அடிப்பலகையைக் கரையான் தின்றிருந்தது. ஒரு கை நுழைகிற அகலம். அந்த இடைவெளி வழியாக அவன் விரல்கள் வெளியே வந்தன. தரையைத் தடவின. அவளைத் தேடின.

கூடாது என்று அவளுக்குத் தெரியும். எவ்வளவோ தெரியும் இப்போது. ஆனாலும் கட்டினவன் பயமாயிருக்கிறது, கையைப் பிடி என்கிறான். எந்தக் கல்நெஞ்சுக்காரி பிடிக்காமல் இருப்பாள்?

பிடித்தாள்.

நெருப்பாகச் சுட்டது. கட்டைவிரல் அவள் முட்டிகளை ஒவ்வொன்றாக வருடியது, தூங்கப்போகும் முன் எப்போதும் வருடுகிற மாதிரி. அவள் அழுதாள். அவனும் அழுவது கேட்டது. விரல்கள் பின்வாங்கின, அவள் கையையும் சேர்த்துக்கொண்டு. முதலில் விரல்கள் இருட்டுக்குள் போயின. பிறகு மணிக்கட்டு. அந்தப் பக்கம் அவன் தரையோடு தரையாகக் கவிழ்ந்து படுப்பது கேட்டது.

மூச்சு பட்டது. ஈரமாக.

"விடுங்க அத்தான்."

பிடி இறுகியது.

"அத்தான். விடுங்க."

"முடியல்ல பிள்ளே," என்று விம்மினான். "என்னெக்கொண்டு முடியல்ல."

விரல் நுனியில் முதலில் கண்ணீர் விழுந்தது, சூடாக. பிறகு உதடு பட்டது. பிறகு பல்.